தள்ளி எடுத்த சீட்டு

சிவப்பாக இருந்தால் இறங்குகிறது, பச்சையாக இருந்தால் ஏறுகிறது, அவ்வளவுதானே சார்? பார்க்கக்கூடாது என்றுதான் இருந்தேன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு செல்போனை முகத்துக்கு நேராகப் பிடித்திருக்கிறீர்கள், கண்ணில் படத்தானே செய்யும். அவிநாசி தாண்டியதிலிருந்து ஒரே சிவப்பு. நீங்களும் பெருமூச்சு விட்டபடியே வருகிறீர்கள். எவ்வளவு போச்சு என்று கேட்கமாட்டேன், அது மரியாதை இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். இது வீட்டில் அம்மணிக்குத் தெரியுமா?

தெரியாதா. நல்லது. தெரியாமலே இருக்கட்டும்.

நான் சங்ககிரி. பேர் செங்கோடன். பைபாஸ் ஓரத்தில் டயர்க்கடை வைத்திருக்கிறேன், பின்னாலேயே வீடு. புது டயர் விற்கிற, கண்ணாடி போட்ட கடை இல்லை. பஞ்சர் ஒட்டுவது, பழைய டயர் வாங்கி ஒட்டுப்போட்டு விற்பது. எங்கள் ஊரில் எல்லாமே லாரிதான். லாரி ஓடினால் ஊர் ஓடும், லாரி நின்றால் ஊரே படுத்துவிடும். மூன்றாவது வரைக்கும்தான் படித்தேன். ஆனால் காசு விஷயத்தில் என்னை ஏமாற்றியது ஒரே ஒரு ஆள். வெளியாள் இல்லை, வீட்டுக்காரி. பாவாயி.

நீங்கள் பங்கு வாங்குகிறீர்கள். நாங்கள் சீட்டுக் கட்டுவோம். ஏலச்சீட்டு தெரியுமில்லையா? இருபது பேர் சேர்ந்து மாதாமாதம் ஆளுக்கு இருபத்தைந்தாயிரம் போட்டால் ஐந்து லட்சம் சேரும். யாருக்கு அவசரமோ அவர் தள்ளி எடுப்பார். "எனக்கு நாலு லட்சம் போதும், ஒரு லட்சம் தள்ளிக்குங்க" என்பார். இன்னும் அவசரமான ஆள் அதற்கும் மேலே தள்ளுவார். யார் அதிகம் தள்ளுகிறாரோ அவருக்குச் சீட்டு. தள்ளிய காசை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். எடுத்தவர் எடுத்தோம் போனோம் என்று இருக்க முடியாது, இருபது மாதமும் கட்டியாக வேண்டும். கடைசிவரை பொறுத்திருப்பவனுக்குத் தள்ளு கிடையாது. ஐந்து லட்சமும் முழுசாக வரும்.

நான் கடைசிச் சீட்டுக்காரன் சார். ஒரு தடவைகூடத் தள்ளி எடுத்ததில்லை. தள்ளி எடுக்கிறவன் என்றால் என்ன? கையில் இல்லாதவன். கடன்காரன் வாசலில் நிற்கிறான் என்று அர்த்தம். ஏலத்தன்றைக்கு நான் போய் ஓரமாக உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வருவேன். "செங்கோடனுக்கென்னப்பா, கடைசிவரைக்கும் உக்காந்திருப்பான்" என்று சொல்வார்கள். அந்த ஒரு பேச்சுக்காக எத்தனை மாதம் வேண்டுமானாலும் கட்டலாம்.

சீட்டு நடத்தியது பொங்கியண்ணன். லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிறவன், என் சேக்காளி. இரண்டு பேரும் ஒரே லாரியில் கிளீனராகப் போனவர்கள். அவன் கையெழுத்து வாங்கமாட்டான், பத்திரம் கேட்கமாட்டான், வாய்ப்பேச்சுத்தான். அப்படித்தான் சார் எங்கள் ஊரில் காசு நின்றது.

கொரோனா வருவதற்கு முன்னால் ஒரு கெட்ட காலம் வந்தது, நினைவிருக்கிறதா? கொரோனாதான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே எங்கள் ஊர் இளைத்துவிட்டது. என் மச்சினன் ரத்தினம், பாவாயியின் தம்பி, லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதுகிறான். ஒருநாள் கடைக்கு வந்து பழைய டயர்மேல் உட்கார்ந்தான்.

"லோடு இல்லீங் மாமா. முன்னெல்லாம் விடிஞ்சா வண்டி கேட்டு ஃபோன் அடிச்சுக்கிட்டே இருக்கும். இப்ப வண்டிக்காரங்களே வந்து பெஞ்சுல படுத்துக்கறாங்க. சீட்டுல இருக்கறவங்க பாதிப்பேரு வண்டிக்காரங்க. நீங்க சீட்டை எடுத்துப் போஸ்ட்டாபீசுல போட்டுருங்."

"வண்டிக்காரன் படுத்தா எனக்கென்னடா? புது டயர் வாங்கக் காசிருக்காது. ஒட்டுப்போட எங்கிட்டத்தான் வருவான். காலம் கெட்டுதுன்னா எனக்கு யோகம்."

"ஒட்டுப்போடவும் வண்டி ஓடணுமுங்களே மாமா."

"நீ கணக்கு எழுதறவன், எழுதற வேலையப் பாரு."

பாவாயி காபி கொண்டுவந்தாள். அவன் பேசியதை எல்லாம் காதில் வாங்கிக்கொண்டுதான் நின்றிருக்கிறாள். எனக்குத் தெரியவில்லை. காது இருக்கிற இடத்தில் காசைப் பேசக்கூடாது சார், அதுதான் நான் செய்த தப்பு. வேறு தப்பு எதுவும் நான் செய்யவில்லை.

அந்தத் தை மாசம் எனக்குக் குடலிறக்கம். சேலத்தில் ஆபரேஷன். நான் அங்கே கட்டிலில் கிடக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை இங்கே ஏலம். இவள் என்ன செய்தாள் தெரியுமா? ஆஸ்பத்திரியில் ரத்தினத்தை உட்கார வைத்துவிட்டு பஸ் ஏறி ஊருக்கு வந்து, நேராகப் பொங்கியண்ணன் வீட்டுக்குப் போய், ஆம்பளைகள் நடுவில் உட்கார்ந்து சீட்டைக் கேட்டிருக்கிறாள். ஒருத்தன் எண்பதாயிரம் தள்ளுகிறேன் என்றால் இவள் ஒரு லட்சம் என்கிறாள். அவன் ஒண்ணு இருபது என்றால் இவள் ஒண்ணு நாப்பது என்கிறாள். ஒரு லட்சத்து நாற்பதாயிரம் சார். நான் ஆயிரம் டயர் உருட்டினால் வருமா? அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மூணு அறுபதை முந்தானையில் கட்டிக்கொண்டு போய், தன் பேரில் போஸ்ட்டாபீசில் மாத வட்டிக்குப் போட்டுவிட்டாள்.

எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. தையல் பிரித்து வீட்டுக்கு வந்து, டீக்கடைக்கு மெதுவாக நடந்து போகிறேன். டீ ஆற்றுகிறவன் கேட்கிறான், "ஏனுங்ணா, ஆபரேசனுக்கு ரொம்ப செலவாயிருச்சுங்களா? சீட்டு எடுத்துட்டீங்களாமா?" பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். பாவம் பார்க்கிற பார்வை. அந்த டீயை நான் குடிக்கவில்லை. இன்றுவரை அந்தக் கடைக்குப் போகவில்லை.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "ஆரைக் கேட்டு எடுத்த?"

"உங்களைக் கேட்டா உடமாட்டீங்க. அதான் கேக்கலை" என்றாள். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே சொல்கிறாள், புடைப்பதை நிறுத்தக்கூட இல்லை. "தங்கறது தங்கட்டுமுங்க. ஒண்ணு நாப்பது போனாப் போகுது."

போனால் போகிறதாம்.

அன்றைக்குச் சொன்னேன் சார், தெளிவாகச் சொன்னேன். எடுத்தது யாரோ அவளே கட்டட்டும். பாக்கி மாதத் தவணைக்கு என் டயர்க்கடைக் காசிலிருந்து ஒரு ரூபாய் வராது. நியாயம்தானே? எடுத்தவர்தானே கட்ட வேண்டும்? மாசி மாசத் தவணையை அவள் எப்படியோ கட்டினாள். அந்த மாசம் காதில் கவரிங் தோடு போட்டுக்கொண்டு திரிந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவள் சமாச்சாரம் அது.

ஆனால் நடந்ததைப் பாருங்கள். செங்கோடனே தள்ளி எடுத்துவிட்டான் என்றதும் ஊரில் என்ன பேச்சு ஆகும்? என்னமோ இருக்கிறது என்றுதானே? அடுத்த ஏலத்தில் எனக்கு உனக்கு என்று எல்லோரும் தள்ளியிருக்கிறார்கள். அதுவரை ஒழுங்காகக் கட்டியவன்கூட "பாக்கலாம், அடுத்த மாசம் தாறேன்" என்றான். அந்த நேரம் பார்த்துக் கொரோனா வந்தது. லாரி எல்லாம் பைபாஸில் வரிசையாக நின்றன. சீட்டு எடுத்தவர்கள் கட்டவில்லை. எடுக்காதவர்கள் பொங்கியண்ணன் வாசலில் போய் உட்கார்ந்தார்கள். இவள் மட்டும் போய் எடுக்காமல் இருந்திருந்தால் அந்தச் சீட்டு நின்றிருக்கும். இதை நான் எவ்வளவோ பேரிடம் சொல்லிவிட்டேன். ஒருத்தனும் ஒப்புக்கொள்வதில்லை.

நீங்களும் தலையாட்டவில்லை. பரவாயில்லை.

லாக்டவுனில் பொங்கியண்ணன் கடைக்கு வந்தான். கடை பூட்டிக் கிடக்கிறது, நான் வெளியே கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன். அவன் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு நின்றான்.

"செங்கோடா, பங்குனித் தவணை நிக்குதப்பா. நீ கட்டுனீன்னா உன்னையக் காட்டி நாலு பேருகிட்டக் கேப்பேன். செங்கோடனே கட்டிட்டான்னா அவனுகளுக்கும் கூச்சம் வரும்."

"சீட்டெடுத்தது நானா? உள்ள இருக்கறா. போய்க் கேளு."

"அதுங்கிட்ட என்னப்பா கேக்கறது? உம்பேர்ல இருக்கற சீட்டு."

"எம்பேர்ல இருக்கற சீட்ட அவகிட்ட எப்படிடா குடுத்த? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? ஆஸ்பத்திரிக்கு ஒரு ஃபோன் போட்டியா?"

அவன் முகக்கவசத்தை மேலே ஏற்றினான். "செரி, உடம்பப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு வரவே இல்லை. அத்தனை வருஷப் பழக்கம் சார். ஒரு வார்த்தை நான் கோபமாகச் சொன்னால் திரும்பி வரக்கூடாதா? அடுத்த வருஷம் வீட்டை விற்றான், தையல் மிஷினை விற்றான், முடிந்தவரைக்கும் கொடுத்துவிட்டுக் கோயமுத்தூருக்குப் போய்விட்டான். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

போஸ்ட்டாபீஸ் வட்டி மாதாமாதம் வந்தது. கடையில் வியாபாரம் குறைந்துபோச்சு. இப்போது எல்லாம் டியூப் இல்லாத டயர், கம்பெனிக்காரனே வந்து பார்க்கிறான். அந்த வட்டியில்தான் அரிசி பருப்பு. அதைச் சாப்பிட்டால் நான் அவள் செய்ததை ஒப்புக்கொண்டேன் என்று ஆகுமா? காசு என்னுடையது. எட்டு மாதம் கட்டியவன் நான்.

இப்போது இந்த விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊருக்கு மேற்கே புது ரோடு வருகிறது, பக்கத்தில் வீட்டுமனைச் சைட்டு போடுகிறார்கள். இன்றைக்கு மூணரை லட்சம், ரோடு வந்தால் எட்டு. போஸ்ட்டாபீஸ் காசும் முதிர்கிற சமயம். அதை எடுத்துச் சைட்டு வாங்கிவிட்டால் அந்த ஒண்ணு நாப்பதும் திரும்பி வந்த மாதிரிதானே? வட்டியே போதும் என்று பயந்து உட்கார்ந்திருந்தால் காலத்துக்கும் அரிசிதான் வாங்கலாம். போன வாரம் போஸ்ட்டாபீசுக்குப் போனேன். அந்தப் பொண்ணு கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கணக்கை முடிச்சுட்டாங்களே ஐயா. அம்மாதான் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போனாங்க. ஐப்பசியிலயே" என்கிறது.

இன்னொரு தடவை தட்டிப் பார்க்கச் சொன்னேன். பின்னால் பென்ஷன் வாங்க வந்த ஒரு ஆள், நகருங்க என்று என் தோளைத் தட்டினார்.

வீட்டில் புதுசாக ஒரு எருமை நிற்கிறது சார், கார்த்திகையிலிருந்து. ரத்தினம் பிடித்துக்கொண்டு வந்து கட்டினான். மச்சினன் எருமை, நம்ம வீட்டில் நிற்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது என் எருமை. என் காசு எருமையாக நின்று வைக்கோல் தின்கிறது.

"மிச்சக் காசு எங்க?" என்று கேட்டேன்.

"பொங்கியண்ணங்கிட்டக் குடுத்துட்டேனுங்க. நாம கட்டவேண்டிய தவணை. மூணு லட்சத்துக்குக் கொஞ்சம் கொறைய வந்துது. மீதிக்கு எருமை. பாலூத்துனா அரிசிக்கு ஆகும்."

"அவன் கேட்டானா?"

"கேக்கலை."

"கேக்காதவனுக்கு ஏன் குடுத்த?"

"கேக்காம இருக்காரேன்னுதான் குடுத்தேன்."

இதற்கு என்ன சார் அர்த்தம்? சீட்டு உடைந்து இத்தனை வருஷம் ஆச்சு. ஊரில் கட்டாதவன் எத்தனை பேர், அவனவன் மாடி கட்டிக் குடியிருக்கிறான். ஒருத்தனும் பழையதை எடுத்துக் கொடுக்கவில்லை. என் பெண்டாட்டி கொடுத்திருக்கிறாள். எடுக்கும்போதும் என்னைக் கேட்கவில்லை, கொடுக்கும்போதும் கேட்கவில்லை.

மூன்று நாள் வீட்டில் சாப்பிடவில்லை. ஸ்டாண்டு ஓரம் குஞ்சம்மா இட்லிக்கடையில்தான் சாப்பிட்டேன். அந்தச் சீட்டில் கடைசிவரை எடுக்காமல் இருந்து மாட்டிக்கொண்டவள் அவள். இத்தனை வருஷமாக என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இந்தத் தடவை எழுந்து நிற்கிறாள். கேட்காமலே இன்னும் ரெண்டு இட்லி வைக்கிறாள், காசு வேண்டாம் என்கிறாள். விஷயம் தெரிந்து நக்கல் செய்கிறாள் என்று நினைத்தேன். காசை இலைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

நேற்று ராத்திரி சொல்லிவிட்டேன். கோயமுத்தூர் போய் அந்தக் காசைத் திருப்பி வாங்கிக்கொண்டுதான் வருவேன் என்று. தடுப்பாள் என்று பார்த்தேன். காலையில் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள். "போய்க் கேட்டுப் பாருங்க. குடுத்தா வாங்கிட்டு வாங்க" என்கிறாள். பஸ்சுக்குக் காசும் அவள்தான் கொடுத்தாள், பால் காசு.

அங்கேயிருந்துதான் திரும்பி வருகிறேன்.

பொங்கியண்ணன் ஒரு அடுக்குமாடி வீட்டு கேட்டில் வாட்ச்மேனாக இருக்கிறான். நீலச் சட்டை, தொப்பி, தோளில் ரெண்டு பட்டை. சட்டை வேறு யாருக்கோ தைத்தது போல, தோள் கீழே இறங்கிக் கிடக்கிறது. ஊருக்கே அளவெடுத்துத் தார்ப்பாய் தைத்தவன். நான் என்ன பேச வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே கோத்து வைத்திருந்தேன். காசை எடு, பிறகு மற்றதைப் பேசலாம். அதுதான் முதல் வார்த்தை.

என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான். "செங்கோடா" என்று கையைப் பிடித்தவன் விடவே இல்லை. அவன் உட்காருகிற பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தான். அவன் நின்றான். கார் வரும்போதெல்லாம் ஓடிப்போய் கேட்டைத் திறந்து சலாம் வைத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து பேசுகிறான். மாடி கூட்டுகிற பொம்பளை ஒருத்தி பக்கெட்டோடு போனாள். அவளைக் கூப்பிட்டு நிறுத்தினான்.

"ஏம்மா, நாஞ்சொல்லுவனல்ல, எங்கூர்ல ஒருத்தரு சீட்டு ஒடைஞ்சப்புறமும் மொத்தத்தையும் எடுத்துக் குடுத்தாருன்னு. இவருதான்."

அவள் பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கும்பிட்டாள் சார்.

"பாவாயி சொல்லுச்சு" என்றான். "அண்ணா, உங்க சேக்காளிதான் குடுத்தனுப்புனாரு, நேர்ல வரக் கூச்சப்படறாருன்னு. எனக்கு அழுகையே வந்துருச்சப்பா. நீ அன்னைக்குப் பேசுனத நான் மனசுல வச்சுக்கலை. ஆபரேசன் ஆகிக் கட்டில்ல கெடந்த ஆளு, வலியில பேசியிருப்பே. அந்தக் காச அப்பிடியே குஞ்சம்மாளுக்கும் இன்னம் ரெண்டு பேருக்கும் பிரிச்சுக் குடுத்துட்டேன். செங்கோடன் காசுன்னு உம்பேரைச் சொல்லித்தாங் குடுத்தேன்."

பாருங்கள், எப்படிப் பொய் சொல்லியிருக்கிறாள். என் பேரில் பொய். நான் எங்கே கொடுத்தனுப்பினேன்? எனக்கு எங்கே கூச்சம்?

நான் என்ன சொல்ல முடியும்? அந்தப் பொம்பளை வேறு நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். "ஆமாப்பா, இருக்கட்டும்" என்றேன். வேறு எப்படிச் சொல்வது? "கட்டவேண்டியதைக் கட்டறதுதானே" என்றும் சொன்னேன். அது தானாக வாயில் வந்துவிட்டது. அவன் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தான், என்னைப் பையில் கைவிட விடவில்லை. வேலை நேரம் என்றும் பார்க்காமல், பக்கத்து கேட்டுக்காரனிடம் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தான். ஜன்னலுக்குக் கீழே நின்று, பஸ் கிளம்புகிற வரைக்கும் பேசிக்கொண்டே இருந்தான். பழைய கதை. நாங்கள் கிளீனராக இருந்தபோது ஒரு தடவை மழையில் வண்டி நின்றது, அந்தக் கதை. எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. மூணு லட்சத்தை விட்டுவிட்டு வருகிறவனுக்கு என்ன காதில் விழும்?

அவன் சிரித்தான், நானும் சிரித்தேன். அவ்வளவுதான்.

கண்டக்டர் சங்ககிரி பைபாஸ் என்கிறான், எனக்குத்தான். பையை அப்படியே எடுத்துக் கொடுங்கள் சார். ஒன்றும் இல்லை, பொங்கியண்ணன் பாவாயிக்கு என்று முறுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறான். அதை இந்த ஸ்டாப்பிலேயே யாருக்காவது கொடுத்துவிடுவேன். அதை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. வாசலில் நின்றுகொண்டிருப்பாள், "கேட்டீங்களா?" என்பாள். கேட்டேன், கையை விரித்துவிட்டான், நாயைத் துரத்துகிற மாதிரி கேட்டிலிருந்தே துரத்திவிட்டான் என்று சொல்லப்போகிறேன். எப்படிப்பட்டவனிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள் என்று அவளுக்கும் தெரியட்டும்.